குடற்காசமா, குரோன் நோயா?



பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் பேருந்துக்காகக் காத்து நிற்பவர் கண்ணில் தவறாமல் படும் சுவர் எழுத்து ஒன்று உண்டு. 'மூலம், பௌத்திரம்: அறுவையின்றிக் குணம்' என்பதே அது. அதனை நாடிச் செல்வோரில் மிகப் பலருக்கு உண்மையில் மூலமோ சாதாரணப் பௌத்திரமோதான் இருக்கும். எங்கோ ஒரு சிலருக்கு மட்டும், ஆசனவாயருகே தோன்றும் அந்தச் சீழ்க்கட்டி முழுக் குடலையும் பற்றியிருக்கும் வேறொரு நோயின் வெளிவாசலாக இருக்கும். வாசலுக்கு மட்டும் மருந்து பூசிக்கொண்டிருந்தால் வீட்டின் உள்ளே எரிவது அணையாது. அந்த ஒரு சிலரைப் பற்றியதே இம்மாதக் கட்டுரை.

நோயின் பெயர் குரோன் நோய். வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையின் எந்தப் பகுதியிலும் அது தோன்றலாம். ஆயினும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்தியே, அதாவது வலப்புற அடிவயிறே, அதற்கு மிகவும் பிடித்த இடம். குடற்சுவர் வீங்கித் தடிக்கும், புண்படும், ஆறும்போது தழும்பேறிச் சுருங்கும். புண்பட்ட பகுதிக்கும் அடுத்த புண்பட்ட பகுதிக்கும் இடையே நல்ல குடல் இருக்கும். புண் குடற்சுவரின் முழுக்கனத்தையும் ஊடுருவுவதால், சில வேளைகளில் ஒரு குடலிலிருந்து மற்றொரு குடலுக்கோ, சிறுநீர்ப்பைக்கோ, வெளித்தோலுக்கோ துளை விழுந்து வழி உண்டாகிவிடும். பௌத்திரம் என்று மேலே குறித்தது இவ்வாறு விழும் வழிகளுள் ஒன்றேயாகும். பெருங்குடற்புண் என்னும் உறவுக்கார நோய் ஒன்றும் உண்டு. அது பெருங்குடலோடும் அதன் உட்சவ்வோடும் நின்றுவிடும். இரத்தமும் சளியுமாகக் கழிவதால் விரைவிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். குரோன் நோய் அப்படியன்று. ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கக் கூடியது.

இது கிருமி தொற்றி வருவதன்று; ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதுமன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, குடலில் வாழும் நுண்ணுயிர்களின் பொருட்டுத் தன் குடலையே பகையாகக் கருதிப் போர் தொடுக்கிறது. பிறவிக் கூறும் சூழ்நிலையும் சேர்ந்து இதனைத் தூண்டுகின்றன என்ற அளவில் மருத்துவ உலகம் ஒத்த கருத்துடையது. பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட இளையோரையே பிடிக்கிறது. ஓதும் வயதும், மணமுடிக்கும் வயதும், பொருள் தேடி அக்கரைச் சீமைக்குச் செல்லும் வயதும் அதுவேயன்றோ!

இனித்தான் சிக்கல் தொடங்குகிறது. அதே வலப்புற அடிவயிற்றில், அதே சந்தியில், ஏறக்குறைய அதே அறிகுறிகளோடு வந்து அமரும் இன்னொரு நோய் நம் நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. அதுதான் குடற்காசம். நுரையீரலைப் பிடிக்கும் அதே காசக் கிருமி, விழுங்கப்பட்ட சளி வழியாகவோ, இரத்தத்தின் வழியாகவோ, காய்ச்சாத பாலின் வழியாகவோ குடலை அடைகிறது. நிணநீர்த் திசுக்கள் செறிந்தும், உணவு சற்றுத் தங்கிச் செல்லுமாறும் அமைந்த அந்தச் சந்தியில் அது கூடு கட்டுகிறது. வயிற்று வலி, மெலிவு, இரத்தசோகை, விட்டு விட்டு வரும் பேதி, உண்ட பின் வயிறு உப்பி உருண்டு புரளுதல் ஆகிய இவை யாவும் இரு நோய்க்கும் பொது. மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத குடற்காச நோயாளிகள் பலர் உண்டு; ஆகவே 'நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, காசம் இல்லை' என்று தள்ளிவிடவும் இயலாது.

ஒத்திருந்தால் என்ன, ஏதேனும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டுக்குமான மருத்துவம் ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. காசத்திற்குக் கிருமியைக் கொல்ல வேண்டும். குரோன் நோய்க்கு எதிர்ப்புச் சக்தியை அடக்க வேண்டும். காச நோயாளிக்குக் குரோன் நோய் என்றெண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால், கட்டிவைத்த கிருமி அவிழ்ந்து உடலெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கும். குரோன் நோயாளிக்குக் காசம் என்றெண்ணி மாதக்கணக்கில் காச மருந்து கொடுத்தால், அந்தக் காலமெல்லாம் குடல் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டே போகும். ஈரலும் மருந்தின் வெம்மையைத் தாங்க வேண்டிவரும். தலைப்பிலுள்ள கேள்வி ஏட்டுக் கேள்வியன்று.

இந்தக் குழப்பம் நோயின் பிறப்போடு கூடவே பிறந்தது. 1913-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் கென்னடி டால்ஸியேல் என்பார், காசத்தைப் போலவே குடல் தடித்திருந்தும் காசக் கிருமி தென்படாத நோயாளிகளைப் பற்றி எழுதினார். மாடுகளுக்கு வரும் யோனி நோய் என்னும் குடல் நோயோடு அதனை ஒப்பிட்டார். மாட்டின் அந்த நோய்க்குக் காரணமான கிருமி காசக் கிருமியின் சிற்றப்பன் மகன் போன்றது. மனிதரின் நோயிலும் அதற்குப் பங்குண்டா என்ற வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. பின்னர் 1932-இல் நியூயார்க் நகரத்து மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் பதினான்கு நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டு, இது காசமன்று, தனி நோய் என்று நிலைநாட்டினர். ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் அடுக்கியதால் குரோனின் பெயர் முதலில் நின்றது. நோய்க்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. மற்ற இருவரையும் உலகம் மறந்தது. அகரவரிசை செய்யும் அநீதிகளுள் இதுவும் ஒன்று! 1956 ஜூன் மாதத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு இந்நோயின் பொருட்டே குடல் அறுவை நடந்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் மீண்டும் தேர்தலில் வென்று நான்காண்டுகள் ஆட்சி புரிந்தார். இந்நோய் வந்தால் வாழ்வே முடிந்தது என்று எண்ணுவோர் இதனை நினைவில் கொள்ளலாம்.

வெள்ளையர் நாட்டு நோய், நமக்கு வராது என்றுதான் நீண்ட காலம் இங்கே கருதப்பட்டது. இந்தியாவில் குடல் சந்தியில் புண்ணைக் கண்டால் காசம் என்றே முடிவு கட்டினர். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. குடலுக்குள் பார்க்கும் கருவிகள் பரவிய பிறகுதான், காச மருந்துக்கு அசையாத புண்கள் சில உண்டென்பது தெரியவந்தது.

இரண்டையும் பிரித்தறியும் வழியைத் தேடியவர்களுள் நம் தமிழகத்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்வரிசையில் நிற்பவர்கள். குடல் நோய்களில் அந்நிறுவனத்திற்கு நெடிய பயிற்சி உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்னும் சத்துறிஞ்சாக் கழிச்சல் கொள்ளை நோய்போல் பரவியபோது, பேக்கர், மாத்தன் ஆகிய மருத்துவர்கள் அதனை ஆராய்ந்து உலகறியச் செய்தனர். அதே வேலூரின் நோய்க்குறியியல் மருத்துவர் அன்னா புளிமூடும் உடன் பணியாற்றியோரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, குடலிலிருந்து கிள்ளியெடுத்த சிறு சதைத்துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்து இரு நோய்களையும் ஒப்பிட்டது. இரு நோயிலும் கிரானுலோமா எனப்படும் சிறு கணுக்கள் திசுவில் தோன்றும். காசத்தில் அக்கணுக்கள் பெரியவை. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட அகலம் கொண்டவை. பலவாகத் தோன்றி ஒன்றோடொன்று இணைந்து கிடப்பவை. சிலவற்றின் நடுப்பகுதி பாலாடைக்கட்டிபோல் மடிந்திருக்கும். குரோன் நோயிலோ அவை சிறியவை, ஒன்றிரண்டாக ஒதுங்கி இருப்பவை. இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை ஒரு கடுகளவு சதையில் தேட வேண்டியிருக்கிறது. ஆகையால் ஒரே இடத்தில் ஒரே துணுக்கு எடுத்தால் போதாது. புண்ணின் ஓரங்களிலிருந்தும் நலமாகத் தோன்றும் பகுதிகளிலிருந்தும் பல துணுக்குகள் எடுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் முறை.

எங்கள் மத்ரஸாவில் ஹிப்ழு வகுப்பில் ஓதிய மாணவர் ஒருவரின் செய்தியை இங்கே சொல்வது பொருந்தும். அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர்க்காரர், வயது பதினேழு. உண்ட ஒரு மணி நேரத்திற்கெல்லாம் வலப்புற அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். வாயில் அடிக்கடி புண். ஓராண்டில் ஐம்பத்திரண்டு கிலோ எடை நாற்பத்தொன்றாக இறங்கியது. பூச்சி மருந்து, சீதபேதி மருந்து, அல்சர் மருந்து என எல்லாம் சுற்றி வந்தாயிற்று. அவருடைய தாயார் என்னிடம் வந்து, "கண்ணு பட்டிருச்சுங்க ஹஜ்ரத், ஓதி ஊதிவிடுங்க" என்றார்கள். ஓதினேன். ஓதிவிட்டு, "அம்மா, இதை இறைவனிடம் கேட்டாயிற்று, இனி திருச்சிக்குப் பேருந்து ஏறுவது உங்கள் பொறுப்பு" என்றேன். ஓதிய நீரும் மருத்துவமனைச் சீட்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை நம் பெண்மக்களுக்குச் சொல்லவேண்டிய கடமை என்போன்றோருக்கு உண்டு.

அங்கே கொலோனோஸ்கோப்பி செய்து பார்த்ததில் குடற்சந்தியில் புண்கள் இருந்தன. சதைப் பரிசோதனை இதுவென்றும் அதுவென்றும் சொல்லவில்லை. காசம் மிகுந்த நம் நாட்டில் அத்தகைய நிலையில் முதலில் காச மருந்தைத் தொடங்கிப் பார்ப்பது முறையான வழியே. மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் தணிந்தது. எடை இரண்டு கிலோ கூடியது. வீட்டார் நேர்ச்சை நிறைவேற்றி உணவு வழங்கினர். ஆனால் இரண்டு மாதம் கழித்து மீண்டும் உள்ளே பார்த்தபோது புண்கள் அப்படியே இருந்தன.

இந்த இடத்தைச் சற்று நிறுத்திப் படியுங்கள். காச மருந்தால் குரோன் நோயாளிக்கும் ஓரளவு சுகம் தோன்றக்கூடும். ஆகவே 'நன்றாக இருக்கிறேன்' என்ற சொல்லை மட்டும் நம்பி முடிவு செய்ய இயலாது. இரண்டு மூன்று மாதத்தில் மீண்டும் உள்ளே பார்த்துப் புண் ஆறியிருக்கிறதா என்று காண வேண்டும். காசமாயின் அதற்குள் புண் ஆறத் தொடங்கியிருக்கும். ஆறவில்லையெனில் குரோன் நோயா, அல்லது மருந்துக்கு அடங்காத காசமா என்று மறுபடியும் ஆராய வேண்டும். 'ஒருமுறை குழாய் விட்டதே போதும், சுகமாகத்தானே இருக்கிறான்' என்று இரண்டாம் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுவோர் ஏராளம். தொல்லை அங்கேதான் வேர்விடுகிறது.

அம்மாணவருக்கு முடிவைத் தந்தது இன்னொரு செய்தி. இரண்டாம் முறை மருத்துவர் தனியே உட்காரவைத்துக் கேட்டபோதுதான், ஆசனவாயருகே ஓராண்டாகச் சீழ்க்கட்டி ஒன்று உடைந்து உடைந்து ஆறி வருவதை அவர் வாய் திறந்து சொன்னார். வெட்கத்தினால் அத்தாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை. அது குரோன் நோயின் பக்கம் தராசை வெகுவாகச் சாய்க்கும் அடையாளம். எம்.ஆர். ஸ்கேன் எடுத்து உறுதி செய்து மருத்துவத்தை மாற்றினர். இப்போது அவர் ஹிப்ழை முடித்து ஊரில் இருக்கிறார், மருந்து தொடர்கிறது.

வெட்கம் ஈமானில் ஒரு கூறு என்று ஓதிக்கொடுப்பவர்கள் நாங்கள். மருத்துவரின் அறையில் உண்மையை மறைப்பது அந்த வெட்கத்தைச் சேர்ந்ததன்று. மார்க்கச் சட்ட வல்லுநர்கள் மருத்துவத் தேவைக்காக மறைவிடத்தைத் தேவையான அளவு காட்டுவதை அனுமதித்தே இருக்கிறார்கள். பெண்கள், பெண் மருத்துவர் இருப்பின் அவரை வேண்டலாம். இல்லையேல் பெண் செவிலியர் உடனிருக்கக் கேட்கலாம். எந்த நல்ல மருத்துவமனையும் இதனை மறுக்காது. கொலோனோஸ்கோப்பி என்றவுடன் நம் வீடுகளில் எழும் அச்சமும் தேவைக்கு மிகுதியானது. முதல் நாள் மென்மையான உணவு. பின்னர் குடலைத் துலக்கும் கரைசலைப் பல குவளை குடிக்க வேண்டும். உண்மையில் கடினமான பகுதி அந்தக் கரைசல்தான். மறுநாள் மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் பரிசோதனையின்போது பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

மருத்துவர் வேறு எவற்றைப் பார்க்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாலைக் காய்ச்சல், வயிற்றில் நீர் கோத்தல், வீட்டில் ஒருவருக்குக் காசம் இருந்த வரலாறு ஆகியவை காசத்தின் பக்கம் சாய்ப்பவை. குடலைச் சுற்றி மோதிரம்போல் குறுக்கே ஓடும் புண்ணும், திறந்தபடியே கிடக்கும் சந்தி வாயிலும் காசத்தின் சாயல். நெடுக்காக ஓடும் புண்ணும், கூழாங்கல் பாவியதுபோன்ற உட்சவ்வும், விட்டு விட்டுத் தோன்றும் புண்களும், வாய்ப்புண்ணும், பௌத்திரமும் குரோன் நோயின் சாயல். எடுத்த சதையில் காசக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதும், சிபிநாட் கருவியில் கிருமியின் மரபணுவைத் தேடுவதும் உண்டு. கிருமி தென்பட்டால் வழக்கு முடிந்தது. ஆனால் குடல் திசுவில் கிருமிகள் மிகச் சொற்பமாகவே இருக்குமாதலால், இல்லை என்று வரும் முடிவு இல்லை என்பதற்குச் சான்றாகாது. கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மாண்டோ சோதனையும் நம் நாட்டில் பெரிதும் உதவுவதில்லை. காசக் கிருமியை உடலில் சுமந்தும் நோய்படாமல் வாழ்வோர் இங்கே கோடிக்கணக்கானோர். மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் பொருளை அளக்கும் சோதனை, குடலில் அழற்சி உண்டா இல்லையா என்பதைச் சொல்லும். எந்த அழற்சி என்று சொல்லாது.

இவ்விரண்டுமன்றி மூன்றாவதாக ஒன்றும் இதே இடத்தில் புண்ணுண்டாக்க வல்லது. வாயிலும் மறைவிடத்திலும் புண், கண்ணில் அழற்சி என வரும் அந்நோயை 1937-இல் விளக்கியவர் இஸ்தான்புல் நகரத்துத் தோல் மருத்துவர் ஹுலூஸி பெஹ்ஜெத் அவர்கள். நோய்க்கும் அவர் பெயரே வழங்குகிறது. நம் நாட்டில் அரிதாயினும் வாய்ப்புண்ணோடு கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் சொல்ல மறவாதீர்கள்.

காசம் என்று உறுதியானால் கவலை பாதி தீர்ந்தது. அது முற்றிலும் குணமாகும் நோய். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பின்னர் நான்கு மாதம் மூன்று மருந்து. இந்த ஆறு மாதக் கணக்கிற்கும் சென்னைக்கும் தொடர்புண்டு. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் கிடத்தாமல் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டாலும் காசம் குணமாகும் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. அதே மையத்தினர் குடற்காசத்திற்கு ஆறு மாதக் குறுகிய மருத்துவம் போதும் என்று ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 1997-இல் அறிவித்தனர். ஆறு மாதமா, ஒன்பது மாதமா என்று தில்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்தினர் 2015-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் வேறுபாடு காணப்படவில்லை. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஊட்டச்சத்துக்கென மைய அரசு தரும் உதவி 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது மருந்தின் நிறம், அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளாவதும், ஓயாத குமட்டலும் ஈரலின் எச்சரிக்கை. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரம்பலூர் வட்டாரத்துக் கல் குவாரிகளில் உழைப்போர்க்கு ஒரு சொல்: கல்லின் சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்தவர்களைக் காசம் எளிதில் பிடிக்கிறது. நெஞ்சில் இருமலும் வயிற்றில் வலியும் சேர்ந்து வந்தால் இரண்டையும் தனித்தனி நோயாக எண்ணாதீர்கள்.

குரோன் நோய் என்று உறுதியானாலோ, மருத்துவம் நெடியது. முற்றாக வேரறுக்கும் மருந்து இன்றில்லை. அடக்கி வைக்க இயலும். எரிகிற நெருப்பை அணைக்கச் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு. அது நெடுநாள் உண்ணத் தக்கதன்று. எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும். முகம் பருத்து எடை ஏறுவதைக் கண்டு 'பிள்ளை தேறிவிட்டான்' என மகிழ்ந்து, மருந்துக் கடையில் தாமாகவே வாங்கித் தொடர்வோர் உண்டு. திடீரென்று தாமே நிறுத்துவோரும் உண்டு. இரண்டும் ஆபத்து. நெருப்பு மீண்டும் பற்றாதிருக்க அசதயோபிரின் போன்ற மாத்திரைகள். தொடக்கத்தில் அடிக்கடி இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தே கொடுப்பர். அதற்கும் அடங்காதபோது ஊசி மருந்துகள். அவற்றுள் முதலாவதான இன்ஃபிளிக்ஸிமாப் 1998-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்றது. விலை மிகுந்தவை. அதே குடும்பத்து அடலிமுமாப் என்னும் மருந்தின் நிகர்வடிவத்தை அகமதாபாத் நிறுவனம் ஒன்று 2014 இறுதியில் வெளியிட்ட பிறகு விலை வெகுவாக இறங்கியது. இந்த ஊசிகள், உடலில் உறங்கும் காசக் கிருமியைத் தட்டியெழுப்பக் கூடியவை. ஆகவே போடுமுன் காசம் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தே போடுவர். பாருங்கள், எங்கு திரும்பினாலும் இவ்விரு நோய்களும் ஒன்றையொன்று விடுவதில்லை!

குடல் சுருங்கி அடைபட்டால் அறுவை வேண்டும். கெட்ட பகுதியை நீக்குவர். அல்லது சுருங்கிய இடத்தை மட்டும் விரித்துத் தைப்பர். சிறுகுடலின் கடைப்பகுதியை நீக்கியவர்க்கு வைட்டமின் பி12 உடலில் சேராது. ஊசியாகத் தர வேண்டிவரும். அறுவைக்குப் பின்னும் நோய் திரும்ப வரக்கூடுமாதலால் மருந்து நிற்காது. பீடி, சிகரெட் புகைப்போர்க்கு இது சீக்கிரம் திரும்புகிறது என்பதில் ஐயமில்லை. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் வலிமாத்திரைகளும் குடற்புண்ணைக் கிளறும்.

உணவைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு சட்டம். புளி கூடாது, பால் கூடாது, இறைச்சி கூடாது என்று ஒவ்வொன்றாக விலக்கி, ஏற்கெனவே மெலிந்தவரை எலும்பும் தோலுமாக்கிவிடுகிறார்கள். இந்த நோயை உண்டாக்கும் தனி உணவென்று ஒன்று நிறுவப்படவில்லை. குடல் சுருங்கியிருப்பவர் மட்டும் நார் மிகுந்த கீரைத்தண்டு, தோலுடன் கூடிய பயறு, கொட்டைகள் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். முட்டை, மீன், குழைந்த சோறு, நன்கு வெந்த கறி யாவும் வேண்டியவையே.

ரமளான் வருகிறபோது கேள்விகள் வரும். நோய் கனன்றுகொண்டிருக்கும்போதும், காச மருந்தின் தொடக்க மாதங்களிலும் மருத்துவர் வேண்டாமென்றால் நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தரும் சலுகை அது. ஏற்றுக்கொள்வதில் இழிவு ஏதுமில்லை. நோய் அடங்கியிருப்பவர், மருந்து வேளைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள இயலுமா என்று ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். நோன்புக் கஞ்சி அவர்களுக்கு நல்லது. அதன் பின்னாலேயே வடையும் சமோசாவும் அடுக்கித் தள்ளுவதுதான் சுருங்கிய குடலை அடைக்கும்.

அறுவையின்போது வயிற்றில் வாயில் வைத்துப் பை பொருத்தப்பட்டவர்கள், இனித் தொழ முடியாதோ எனக் கலங்குகிறார்கள். முடியும். அடக்க இயலாமல் கழிவு வெளியாகிக்கொண்டிருப்போர்க்குரிய சட்டமே அவர்களுக்கும் உரியது. பையைக் காலி செய்து, தொழுகை நேரம் வந்தபின் உளூச் செய்து தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அந்த உளூ அவ்வேளை முடியும்வரை நிற்கும். ஷாஃபி மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் தனியே செய்ய வேண்டும். மேலும் நுணுக்கங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்க.

பெண்பிள்ளைக்கு இந்நோய் என்றால் பெற்றோர் அதனை மறைத்து மணமுடிக்க முற்படுவதுண்டு. புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்கவும் இயலாமல் விடவும் இயலாமல் அப்பெண் படும் பாடு சொல்லில் அடங்காது. பெரும்பாலும் மருந்தைத்தான் விட்டுவிடுகிறாள். நோய் அடங்கிய நிலையில் கருத்தரித்துத் தாயானோர் பலர். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற ஒருசில மருந்துகள் கருவைச் சிதைப்பவை. அவற்றைப் பல மாதம் முன்னரே மாற்ற வேண்டும். கணவர் அறியாமல் இதனை எப்படிச் செய்வது? வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் இளைஞர்களும் மருத்துவத் தேர்வில் தள்ளிவிடுவார்களோ என்றஞ்சிக் காசத்தை மறைக்கிறார்கள். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடாவுக்குச் செல்லாத வீடு அரிது. அரைகுறையாய் விட்ட காசம் மருந்துக்கு அடங்காத காசமாகித் திரும்பும். விமானச் சீட்டைவிட ஆறு மாதம் பெரிதன்று.

பெரம்பலூரிலிருந்து திருச்சி ஒரு மணி நேரப் பயணம். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டிருக்கிறது. முதலில் அரசு மருத்துவமனையிலேயே காட்டி, அங்கிருந்து குடல் மருத்துவ வல்லுநருக்குக் கடிதம் பெறுவது செலவைக் குறைக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பின் எச்செலவு அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேளுங்கள்.

சதைப் பரிசோதனை முடிவு ஐயத்துக்குரியதாக இருந்து, வேலூருக்கோ சென்னைக்கோ இரண்டாம் கருத்துக்குச் செல்வோர் காகித அறிக்கையை மட்டும் எடுத்துச் செல்கிறார்கள். அது போதாது. அந்தச் சதைத்துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும், கண்ணாடிச் சில்லுகளும் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும். எழுத்து மூலம் கேட்டால் தருவார்கள். அவற்றையும், கொலோனோஸ்கோப்பி படங்களையும், ஸ்கேன் குறுந்தட்டையும், இதுவரை உண்ட மருந்துகளின் பெயர், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதியும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே மீண்டும் குழாய் விடாமலேயே பழைய சதையை வேறொரு நோய்க்குறியியல் மருத்துவர் புதிதாகப் பார்த்துச் சொல்ல முடியும்.